பத்து மணி நேரத்துக்கு ஒரு புள்ளி

[காட்சி: இருட்டு மேடை. தரையில் ஒளிரும் சின்னச் சின்ன டேப் துண்டுகள்.]

வணக்கம். 1994 மார்ச், ஆஸ்கர் மேடை. 'பிலடெல்ஃபியா' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதை வாங்கிய டாம் ஹாங்க்ஸ் கண்கலங்கிப் பேசுகிறார். அப்போது அவர் நன்றியோடு சொன்ன பெயர்களில் ஒன்று, ராலி ஃபார்ன்ஸ்வர்த். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், ஸ்கைலைன் உயர்நிலைப் பள்ளியில் ஹாங்க்ஸுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர்.

அமெரிக்கப் பள்ளிகளில் டிராமா கிளப் பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். அதில் உழைக்கும் மாணவர்களைக் கௌரவிப்பதற்கென்றே ஒரு சங்கம் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக இயங்குகிறது. பெயர், இன்டர்நேஷனல் தெஸ்பியன் சொசைட்டி. 1929-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் ஊரில் தொடங்கியது. பால் ஆப், எர்ல் பிளாங்க், ஹாரி லீப்பர் ஆகிய மூன்று ஆசிரியர்கள் தொடங்கினார்கள். இதுவரை 20 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

தெஸ்பிஸ் என்பவர் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர். கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து தனியே விலகி வந்து, ஒரு பாத்திரமாகவே நின்று வசனம் பேசிய முதல் ஆள் என்று சொல்வார்கள். சங்கத்துக்குப் பெயர் அவரிடமிருந்து வந்தது. சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொரு பள்ளியும் ஒரு 'ட்ரூப்'. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ட்ரூப் 1, வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரப் பள்ளி.

[காட்சி: திறந்த நோட்டுப் புத்தகம். தேதி, வேலை, மணி நேரம் என்று மூன்று பத்திகள்.]

சரி, எப்படிச் சேர்வது? இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. உழைத்த நேரத்தை எண்ணுகிறார்கள். நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு இது: சுமார் பத்து மணி நேர வேலைக்கு ஒரு புள்ளி, பத்துப் புள்ளி சேர்ந்தால் உறுப்பினர். அதாவது நூறு மணி நேரம். அந்த நேரத்தைக் கதாநாயகனாக நின்றுதான் கழிக்க வேண்டும் என்பதில்லை. விளக்கு மாட்டியவர், உடை தைத்தவர், போஸ்டர் வரைந்தவர், டிக்கெட் விற்றவர், எல்லோருக்கும் புள்ளி உண்டு.

நாடகம் அரங்கேறுவதற்கு முந்தைய வாரத்தை 'டெக் வீக்' என்பார்கள். ஒரு பெண் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாள். தலைமுதல் கால்வரை கறுப்பு உடை, பார்வையாளர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. கையில் தடிமனான கோப்பு. அதில் வசனத்துக்குப் பக்கத்தில் பென்சில் குறிப்புகள்: இந்தச் சொல் முடிந்ததும் நீல விளக்கு, அந்தக் கதவு சாத்தியதும் இடிச்சத்தம். அவள்தான் ஸ்டேஜ் மேனேஜர். அவள் "கோ" என்று சொல்லாமல் ஒரு விளக்கும் மாறாது. இருட்டில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன், தரையில் ஒட்டிய டேப் துண்டைப் பார்த்து அங்கேயே வைக்கிறான். ஒரு சாண் தள்ளி வைத்தால் அடுத்த காட்சியில் நடிகர் தடுக்கி விழுவார். இந்த இருவர் பெயரையும் நடிப்பவர்கள் பெயரோடு ஒரே ஏட்டில் எழுதுகிறது சங்கம். இது மிகப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

60 புள்ளி சேர்த்தவர்களுக்கு 'ஹானர் தெஸ்பியன்' பட்டம். 600 மணி நேரம்! பள்ளி விட்ட பிறகான மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் சேர்த்த நேரம் அது. பட்டமளிப்பு நாளில் நீலமும் பொன்னிறமும் கலந்த கயிறு கழுத்தில் தொங்கும்.

ஹாங்க்ஸும் ஒரு தெஸ்பியன், அதாவது இந்தச் சங்கத்தின் உறுப்பினர்தான். கல்லூரிக் காலத்தில் கிளீவ்லாந்தின் ஒரு நாடக விழாக் குழுவில் விளக்கு, மேடை அமைப்பு, மேடை நிர்வாகம் என்று எல்லா வேலையும் பார்த்துப் பழகியவர்.

[காட்சி: பிராட்வே தெரு, இரவு.]

வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கும் விருது உண்டு. ஜிம்மி விருதுகள், 2009 முதல். நாடெங்கும் வட்டார அளவில் இசை நாடகப் போட்டியில் வென்ற மாணவர்கள் ஜூன் மாதம் நியூயார்க்கில் கூடுகிறார்கள். சில நாள் கடும் ஒத்திகை, அப்புறம் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயின் மேடை. 2018-இல் வென்ற ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மேன், அடுத்த ஜனவரியிலேயே 16 வயதில் பிராட்வே நாடகமொன்றின் நாயகன் ஆனார்.

ஆசிரியர்களை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடாமல் இருந்தது. 2015-இல், பிராட்வே நாடகங்களுக்கு விருது தரும் டோனி விருதுக் குழுவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நாடக ஆசிரியருக்கென்று ஒரு விருதைத் தொடங்கின. முதல் விருது வட கரோலினாவின் கோரி மிட்செலுக்கு.

2018-இல் அந்த விருது மெலடி ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற ஆசிரியைக்கு. ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தார்கள். அப்போது அங்கே அவருடைய நாடக வகுப்பில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஹெர்ஸ்ஃபெல்ட் 65 பிள்ளைகளைத் தன் அலுவலக அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு, காவலர்கள் வரும்வரை பாதுகாத்தார்.

நான்கு மாதம் கழித்து, ஜூனில், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கம். விருது வாங்கிய ஆசிரியர் பேசி முடித்தார். பிறகு விளக்கு எரிந்தபோது மேடையில் நின்றவர்கள் அவருடைய மாணவர்கள். பாட ஆரம்பித்தார்கள்.