துறைமுகத்தில் 19 ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் என்றதும் எல்லோருக்கும் மோபி டிக் நாவல்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த நாவல் வந்த பிறகு அவர் இன்னும் 40 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், அந்த 40 ஆண்டுகளைப் பற்றிப் படித்ததிலிருந்து அவரை என்னால் விட முடியவில்லை.

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1819-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா வியாபாரத்தில் நொடித்துப்போய், பையனுக்கு 12 வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வங்கி வேலை, பள்ளிக்கூட வேலை, எதுவும் நிலைக்கவில்லை. 1841 ஜனவரியில், 21 வயதில், அகுஷ்னெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிவிட்டார். ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்தார். அப்புறம் பசிபிக் கடலில் மார்க்கெசாஸ் தீவுகளில் கப்பலை விட்டு ஓடிப்போய், அந்தத் தீவு மக்களோடு சில வாரங்கள் தங்கினார். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய டைப்பி 1846-ல் வந்தது, ஒரே புத்தகத்தில் பேர் வாங்கிவிட்டார்.

1851-ல் மோபி டிக். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கடல் கடலாகத் துரத்தும் கேப்டன், கடைசியில் கப்பலோடு எல்லோரும் மூழ்கிப்போகிறார்கள். கதை சொல்லும் இஷ்மயேல் மட்டும், நண்பனுக்காகச் செய்த சவப்பெட்டி மிதந்து வர, அதைப் பற்றிக்கொண்டு பிழைக்கிறான். அவன் பிழைத்த விவரம் இருப்பது நாவலின் கடைசியில் வரும் சின்னப் பின்னுரையில்தான். லண்டன் பதிப்பு முதலில் வந்தது, அதில் அந்தப் பின்னுரை இல்லாமலே அச்சாகிவிட்டது! எல்லோரும் செத்துப்போனால் இந்தக் கதையைச் சொன்னது யார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அந்த லண்டன் விமர்சனங்களை அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவும் எடுத்துப் போட்டுக்கொண்டன. ஒரு பக்கம் விட்டுப்போனதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சாகும்வரை அந்த நாவல் விற்றது ஏறக்குறைய 3,000 பிரதிகள்.

எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்றாகி, 1866 டிசம்பரில் நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்தார். நாளுக்கு 4 டாலர் சம்பளம், கப்பலில் வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. அடுத்த ஆண்டே மூத்த மகன் மால்கம், 18 வயதுப் பையன், வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துபோனான். அதற்குப் பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், மொத்தம் 19 ஆண்டுகள்.

அவர் வேலை பார்த்த இடம் கான்ஸ்வோர்ட் தெருப் பக்கம். அமெரிக்க விடுதலைப் போரில் ஒரு கோட்டையைக் காத்துப் புகழ்பெற்ற பீட்டர் கான்ஸ்வோர்ட்டின் பெயர் அது, அவர் மெல்வில்லின் அம்மாவைப் பெற்றவர். 1870-ல் ஒருநாள் மெல்வில் அதே பெயரில் இருந்த ஓட்டலுக்குப் போய்ப் புகையிலை வாங்கிக்கொண்டு, கான்ஸ்வோர்ட் என்றால் என்ன என்று அங்கே விசாரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நிறைய சொத்து வைத்திருந்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று ஒருவர் விளக்கம் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கடிதத்தில் இதை எழுதினார். புகழ் எத்தனை நாள் நிற்கும் என்பதைச் சொந்தத் தாத்தாவின் பெயரிலேயே பார்த்துவிட்டு, மறுநாளும் அதே துறைக்கு வேலைக்குப் போன மனிதர்.

ஆனால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வேலை முடிந்து வந்து எழுதி எழுதி, 1876-ல் கிளாரெல் என்று ஏறக்குறைய 18,000 வரியில் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். புத்தகம் போட மாமா பணம் கொடுத்தார். விற்காத பிரதிகளைக் கடைசியில் அரைத்துக் கூழாக்கிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு வெளியிட்ட இரண்டு கவிதைத் தொகுப்புகள் ஒவ்வொன்றிலும் அச்சடித்தது 25 பிரதிகள். சரி, 25 பேருக்காக ஒருவர் வரி வரியாகத் திருத்தி எழுதுகிறார் என்றால், அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்திருக்க வேண்டும்!

1891 செப்டம்பரில் இறந்தார். எழுதி முடிக்காத ஒரு கையெழுத்துப் பிரதி வீட்டில் கிடந்தது. 1919-ல் அவரைப் பற்றி எழுதக் கிளம்பிய ரேமண்ட் வீவரிடம் பேத்தி எடுத்துக் கொடுத்த தாள்களில் அது இருந்தது, 1924-ல் பில்லி பட் என்ற பெயரில் அச்சேறியது. மோபி டிக்கையும் ஜனங்கள் திரும்ப எடுத்துப் படிக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும், அவர் கப்பலேறிய நாளையொட்டி, நியூ பெட்ஃபோர்டில் இருக்கும் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் ஜனங்கள் கூடுகிறார்கள். மோபி டிக்கை ஒருவர் மாற்றி ஒருவர் விடிய விடிய, ஏறக்குறைய 25 மணி நேரம், சத்தமாக வாசிக்கிறார்கள். வாசிப்பு முடிவது இஷ்மயேல் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் அந்தப் பின்னுரையில்.

நன்றி, வணக்கம்.