பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

(துறைமுகத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, உடல்நலம் சரியில்லாதபோதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தோழர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வட்டச் செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பிகளே, விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்று விஷயங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்: நாடுகளுக்கிடையே ஆயுத விற்பனைக்கு விதி வைக்கும் ஆயுத வணிக ஒப்பந்தம், ஐ.நா.வின் கண்காணிப்பு, இந்தியாவின் ஆயுத ஏற்றுமதி.

அந்த ஒப்பந்தம் 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. 154 நாடுகள் ஆதரித்தன. ஈரான், வடகொரியா, சிரியா மூன்றும் எதிர்த்தன. நம் நாடு, சீனா, ரஷ்யா உட்பட 23 நாடுகள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தன. இனப்படுகொலைக்குப் போகும் என்று தெரிந்தால் ஆயுதம் அனுப்பக்கூடாது என்கிறது 6ஆம் பிரிவு. மனித உரிமை மீறலுக்கு உதவுமா என்று முன்கூட்டியே எடைபோடு என்கிறது 7ஆம் பிரிவு. சரி, எடைபோடுவது யார்? விற்கிற நாடேதான்! ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பினர் ஐவருமே ஆயுத வியாபாரிகள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 2008 ஏப்ரல். ஆன் யுவே ஜியாங் என்ற சீனக் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. உள்ளே ஜிம்பாப்வேக்குப் போக வேண்டிய 77 டன் சரக்கு: தோட்டாக்கள், ராக்கெட் குண்டுகள், மோர்ட்டார் குண்டுகள். ஜிம்பாப்வேக்குக் கடலே கிடையாது, டர்பனில் இறக்கி லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். ஜிம்பாப்வேயில் மார்ச் 29இல் தேர்தல் முடிந்தும் அதிபர் தேர்தல் முடிவு வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயுதத்தைக் கட்டுப்படுத்தவென்றே தென்னாப்பிரிக்காவில் ஒரு குழு உண்டு. அந்தக் குழுதான் இந்தச் சரக்குக்கு அனுமதி கொடுத்தது! மறுபடியும் வேலியே மேய்கிறது, பார்த்தீர்களா?

அப்புறம் என்ன நடந்தது? தென்னாப்பிரிக்கப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் சொன்னது: இறக்க மாட்டோம், எங்கள் டிரைவர்கள் ஓட்டவும் மாட்டார்கள். (கைதட்டல்) ஒரு பிஷப் நீதிமன்றம் போனார். சரக்கு நாட்டைக் கடக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு கைக்குப் போவதற்குள் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது! அண்டை நாடுகள் யாரும் இதற்கு இடம் கொடுக்காதீர்கள் என்று ஜாம்பியா அதிபர் முவனவாசா கேட்டுக்கொண்டார். கடைசியில் அங்கோலா மற்றச் சரக்கை இறக்கவிட்டது, ஆயுதத்துக்கு அனுமதி இல்லை என்றது. அன்றைக்கு இந்த ஒப்பந்தமே பிறக்கவில்லை, தோழர்களே. டர்பனில் ஒரு தோட்டாகூட இறங்கவில்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மற்ற இரண்டையும் இன்னொரு மேடையில் வைத்துக்கொள்கிறேன். என் கோரிக்கைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று நம் நாட்டுத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் அறிவித்தது. நல்லது. ஆனால் சீல் வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தூக்குகிறவனுக்கு யார் சொல்வார்கள்? ஆயுதச் சரக்கு எது, எந்த நாட்டுக்குப் போகிறது என்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று கையை எடுப்பவனுக்கு வேலை போகக்கூடாது. இரண்டும் சட்டத்தில் வர வேண்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழிதான், பெயரும் துறைமுகமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.