ஒரே சிறுவன், மூன்று வரைவிலக்கணங்கள்

[திரையில்: வெள்ளவத்தை, காலி வீதி. ரியூசன் வகுப்பு முடிந்து வரும் மாணவர்கள்.]

வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் 14 வயதுச் சிறுவன் ஒருவனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவன் வயதுச் சிறுவர்கள் நூறு பேரை இடுப்புச் சுற்றளவின்படி சிறியதிலிருந்து பெரியதாக நிறுத்தினால், அவன் எண்பதாவது இடத்தில் நிற்கிறான். வெறும் வயிற்றில் எடுத்த குருதியில், ஒரு டெசிலீற்றருக்கு ட்ரைகிளிசரைட் 120 மில்லிகிராம். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 44. குளுக்கோசும் குருதி அமுக்கமும் சாதாரணம். பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இட்டுச்செல்லக்கூடிய அனுசேபக் கோளாறுகளின் கூட்டான மெட்டபொலிக் சிண்ட்ரோம் இவனுக்கு உண்டா?

[திரையில்: மூன்று அட்டவணைகள்.]

2004இல் டி ஃபெராண்டி குழுவினர் வெளியிட்ட வரைவிலக்கணத்தின்படி உண்டு. அதில் இடுப்பளவு 75ஆவது இடத்தைத் தாண்டுவதும், ட்ரைகிளிசரைட் 100ஐ எட்டுவதும், இந்த வயதில் எச்.டி.எல். 50க்குக் குறைவதும் குறைபாடுகளே. இவற்றோடு குளுக்கோசும் குருதி அமுக்கமும் சேர்ந்த ஐந்தில் மூன்று குறைபாடுகள் இருந்தால் போதும். 2003இல் குக் குழுவினர் வகுத்ததன்படி இல்லை. அங்கே இடுப்பளவு 90ஆவது இடத்தை எட்டவேண்டும், எச்.டி.எல். 40க்கு மேற்படக் கூடாது என்பதால், 110ஐத் தாண்டிய ட்ரைகிளிசரைட் மட்டுமே அவன் கணக்கில் சேர்கிறது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் 2007ஆம் ஆண்டு வரைவிலக்கணமோ, பெரிய இடுப்பளவைக் கட்டாய நிபந்தனையாக வைத்திருப்பதால், அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்த வேறுபாடு ஒரு சிறுவனோடு நிற்பதில்லை. 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடந்த ஒரே தேசிய ஆய்வின் தரவுகளிலிருந்து, 12 முதல் 19 வயது வரையானோரில் குக் குழுவினர் 4.2 சதவீதத்தினரையும் டி ஃபெராண்டி குழுவினர் 9.2 சதவீதத்தினரையும் கண்டனர். பிள்ளைகளின் உடலில் எதுவும் மாறவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. ஆகவே, எந்த வரைவிலக்கணம் என்று சொல்லாமல் தரப்படும் சதவீதத்தைக் கொண்டு கொழும்புப் பிள்ளைகளை இன்னொரு நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வயதும் ஒரு கோடுதான். சம்மேளனத்தின் முறையில், எச்.டி.எல். 45 உள்ள ஒரு மாணவி 15 வயதில் சாதாரணம்; 16ஆவது பிறந்தநாளன்று வளர்ந்த பெண்களுக்குரிய 50 என்ற எல்லை வந்துவிடுவதால், அதே அளவு குறைவாகிவிடுகிறது. பருவமடையும் காலத்தில் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு இயல்பாகவே கூடிப் பின்னர் தணிவதும் இதோடு சேர்வதால், ஒருமுறை எடுத்த ஆய்வுகூட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பெற்றோரை நினைத்தால் மனம் கனக்கிறது.

2017இல் அமெரிக்கச் சிறுவர் மருத்துவ அக்கடமி, பெயர் சூட்டுவதைவிட ஒவ்வொரு ஆபத்துக் காரணியையும் தனித்தனியே கண்டு கவனிப்பதை முன்னிறுத்தியது. அந்த வழியில், வெள்ளவத்தைச் சிறுவனுக்கு எந்தப் பட்டமும் இல்லாமலே, எல்லையோரத்தில் நிற்கும் அவனுடைய ட்ரைகிளிசரைட்டும் எச்.டி.எல்.லும் மீண்டும் பரிசோதிக்கப்படும். அவன் என்ன குடிக்கிறான், எவ்வளவு நேரம் விளையாடுகிறான் என்றும் கேட்கப்படும்.