முத்தத்துக்குப் பதிலாகப் பேச்சு

நண்பர்களுக்கு வணக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தைப் போடப்போகிறோம். 1940இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். சண்டை இல்லை, பாட்டு இல்லை. முக்கால்வாசிக் கதை ஒரு பத்திரிகை அலுவலகத்திலும் நிருபர்கள் உட்காரும் ஓர் அறையிலும் முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரமும் பேச்சு, பேச்சு, பேச்சு. இதைப் போய்க் காதல் படம் என்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இதைவிடச் சூடான காதல் படம் தெரியாது.

ஹாலிவுட் பேச ஆரம்பித்தது 1927 வாக்கில். பேசத் தொடங்கிய சினிமாவுக்குப் பேச எழுதித்தர ஆள் வேண்டுமே! நியூயார்க் நாடக மேடையிலிருந்தும் பத்திரிகை அலுவலகங்களிலிருந்தும் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சிகாகோவில் நிருபராக இருந்த பென் ஹெக்ட் அப்படி வந்தவர். கொலை, கோர்ட், தூக்குமேடை எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதினால் காதலர்கள் எப்படிப் பேசுவார்கள்? உருகமாட்டார்கள், வெட்டுவார்கள்.

அடுத்து 1934 நடுவில் தணிக்கை விதிகள் இறுகின. ஜோசப் பிரீன் என்பவர் கதையை எழுதும்போதே கத்தரியோடு உட்கார்ந்துவிட்டார். நீண்ட முத்தம் கூடாது, படுக்கையறையில் ஜாக்கிரதை. எழுத்தாளர்கள் சளைக்கவில்லை. உடம்புக்குத் தடை என்றால் வாய்க்குத் தடையில்லையே! இன்னொரு குறுக்குவழியும் கண்டுபிடித்தார்கள். விவாகரத்தான ஜோடி மறுபடி சேரும் கதையை வரிசையாக எடுத்தார்கள். ஏற்கெனவே புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள் கொஞ்சம் அப்படி இப்படிப் பேசினால் யார் கேட்பது?

விதி இறுகுவதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில் ஓர் அறை, இரண்டு கட்டில், நடுவே கயிற்றில் தொங்கும் ஒரு போர்வை. போர்வைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாகப் பேச்சு. அவ்வளவுதான் சரசம். ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் தட்டிக்கொண்டு போனது. நம் ஏவி.எம். இந்தக் கதையை 1956இல் இந்தியில் 'சோரி சோரி' என்று எடுத்தது. அதில் மனத்தில் நிற்பவை பாட்டுகள்தான்.

இன்றைய படத்துக்கு வருகிறேன். மூலம் ஹெக்ட்டும் சார்ல்ஸ் மக்கார்தரும் எழுதிய நாடகம். அதில் பத்திரிகை ஆசிரியர் வால்டர், நிருபர் ஹில்டி, இருவருமே ஆண்கள். ஒத்திகை போல ஒரு பெண்ணை விட்டு நிருபரின் வசனத்தைப் படிக்கச் சொன்னாராம் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ். இதுவே நன்றாக இருக்கிறதே என்று ஹில்டியைப் பெண்ணாக்கி, வால்டரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கிவிட்டார்.

முதல் காட்சியைக் கவனியுங்கள். மறுநாள் வேறொருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லத்தான் ஹில்டி வருகிறாள். சொல்லவே விடமாட்டான் வால்டர். கோபத்தில் கைப்பையை அவன் தலைக்குக் குறிவைத்து வீசுவாள். குனிந்து தப்பித்துவிட்டு, முன்பெல்லாம் இன்னும் நன்றாக எறிவாயே, குறி தவறிவிட்டதே என்பான். ஒரு கல்யாணத்தின் முழு வரலாறும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது! ஃபிளாஷ்பேக் எதற்கு?

ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் ஆரம்பிப்பார். இதை ஹாக்ஸ் திட்டமிட்டே செய்தார். வாக்கியத்தின் முதலிலும் கடைசியிலும் தேவையில்லாத சொற்களை வைத்து எழுதினால், அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் விஷயம் கெடாது. ஹில்டியாக நடித்த ரோசலிண்ட் ரசல் லேசுப்பட்டவர் அல்ல. வால்டராக நடித்த கேரி கிராண்டுக்கு நல்ல வரிகள் அதிகம் போகின்றன என்று, தன் சொந்தக் காசில் ரகசியமாக ஓர் ஆளை வைத்து வசனம் எழுதி வாங்கினார். சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வகைப் படங்களில் பெண்ணின் வாய் ஒருபடி நீளம்தான். அடுத்த ஆண்டு வந்த 'தி லேடி ஈவ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக் கப்பலின் உணவுக்கூடத்தில் சின்னப் பவுடர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் பணக்காரப் பிள்ளையைப் பார்ப்பார். அவனை வளைக்க ஒவ்வொருத்தியும் என்னென்ன செய்கிறாள் என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே போவார். அவன் எழுந்து பக்கத்தில் வந்ததும் காலை நீட்டி இடறிவிடுவார். பேச்சு முடிந்தது, காதல் ஆரம்பம்!

எல்லாம் சிரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய படத்தில் தூக்குக்குக் காத்திருக்கும் ஒருவன் உண்டு. அவனுக்காகப் பரிந்து பேச மாலி என்றொரு பெண், நிருபர்கள் உட்காரும் அறைக்கு வருவாள். இவ்வளவு நேரம் நாம் ரசித்த அதே நக்கல் அவள்மீது பாயும்போது, அறையில் ஒருவனுக்கும் ஈரமில்லை என்று தெரியும். அவளுக்கு நேர்வதைப் பார்த்த பிறகும் படம் சட்டென்று அடுத்த நகைச்சுவைக்குத் தாவிவிடுகிறது. அந்த இடத்தில் எனக்குப் படத்தோடு சண்டை உண்டு. பார்த்துவிட்டு நீங்களும் சண்டைக்கு வாருங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. சப்டைட்டில் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது பாதியைத்தான் காட்டும்; படிக்கப் போனால் முகங்களைத் தவறவிடுவீர்கள். ஹோட்டலில் வால்டர், ஹில்டி, அவள் கட்டிக்கொள்ளப்போகும் புரூஸ் மூவரும் சாப்பிடும் காட்சியில் எழுத்தை விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை புரூஸாக வரும் ரால்ஃப் பெல்லமியை மட்டும் பாருங்கள். நல்ல மனுஷன், இன்சூரன்ஸ்காரர், குடை மறக்காதவர். அடுத்தவர் முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பார். அவர்கள் முடிக்கவே மாட்டார்கள்.

விளக்கை அணைக்கலாம்.