சாப்பாட்டு மேசையில் ஓர் அச்சு இயந்திரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும். எலியட்டுக்கு ஒரு பாடம், வர்ஜீனியா வுல்ஃபுக்கு ஒரு பாடம், ஜாய்சுக்கு ஒரு பாடம். பிறந்த வருடம், எழுதிய நூல்கள், இறந்த வருடம், அத்தோடு அடுத்த பாடம். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே உடன்பாடு கிடையாது. இவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டவர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அச்சுக் கோர்த்தார், ஒருவர் கவிதையில் இன்னொருவர் கைவைத்துப் பாதியை வெட்டினார், ஒருவருக்கு வேலையிலிருந்து விடுதலை வாங்கித்தர மற்றவர்கள் பணம் திரட்டினார்கள். பொறாமையும் பட்டார்கள், முதுகுக்குப் பின்னால் பேசவும் செய்தார்கள். அந்த எழுத்தே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் உருவானது என்பது என் எண்ணம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஓர் அச்சு இயந்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

லெனார்ட் வுல்ஃப் என்ற பெயர் இலங்கை நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1904-இல் இலங்கை சிவில் சேவைக்கு வந்தவர், முதலில் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்தில், தமிழும் படித்தார். 1911-இல் விடுப்பில் லண்டன் போனவர், அடுத்த ஆண்டு வேலையை உதறிவிட்டு வர்ஜீனியாவைத் திருமணம் செய்துகொண்டார். திருமணமாகி ஒரே வருடத்தில் வர்ஜீனியா தூக்க மருந்தை அளவுக்கு மீறி விழுங்கினார், பிழைத்ததே பெரிய விஷயம். 1915-இல் முதல் நாவல் வெளிவந்த சமயத்தில் மனநோய் மறுபடி, இன்னும் கடுமையாக. கைகளுக்கு ஒரு வேலை கொடுத்தால் மனத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று லெனார்டுக்குத் தோன்றியது.

சரி, அச்சுத்தொழில் கற்கலாம் என்று ஒரு பள்ளியில் போய்க் கேட்டார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு மட்டும்தான் சொல்லித்தருவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 1917 மார்ச்சில் ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடை ஜன்னலில் கை அச்சு இயந்திரங்கள் தெரிந்தன. ரொட்டிக்கடை வாசலில் பசியோடு நிற்கும் இரண்டு குழந்தைகளைப்போல அங்கே நின்றோம் என்று லெனார்ட் பிற்காலத்தில் எழுதினார். இயந்திரம், எழுத்துகள், சாமான்கள் எல்லாம் சேர்த்து 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்ஸ். கூடவே ஒரு கையேடு, பதினாறே பக்கம். அதைப் படித்துத்தான் தொழில் கற்றார்கள்.

இயந்திரம் வந்து உட்கார்ந்தது லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில். அந்த வீட்டின் பெயர்தான் ஹோகார்த், பதிப்பகத்துக்கும் அதே பெயர். பழைய அச்சகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் படித்துக்கொண்டே, வரிசையாகக் கோர்க்க வேண்டும். லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுக்கம், அதனால் எழுத்துக் கோர்த்தது வர்ஜீனியா, அச்சடித்தது அவர். ஆரம்பத்தில் 'ஹெச்' எழுத்துகளையும் 'என்' எழுத்துகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டதாக வர்ஜீனியா தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிரித்தெடுப்பது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜூலையில் முதல் புத்தகம், கணவன் கதை ஒன்று, மனைவி கதை ஒன்று, ஏறக்குறைய நூற்றைம்பது பிரதிகள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதுவரை வர்ஜீனியாவின் நாவலை வெளியிட்டவர் அவருடைய அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்டு டக்வொர்த். சிறுவயதில் அவர் தன்னிடம் எப்படித் தவறாக நடந்துகொண்டார் என்பதைப் பின்னால் வர்ஜீனியாவே எழுதிவைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை. சொந்த அச்சு வந்த பிறகு அது மெல்ல மாறியது. 1922-இல் 'ஜேக்கப்ஸ் ரூம்' அவர்கள் பதிப்பகத்திலேயே வந்தது. தான் விரும்பியதை எழுதும் சுதந்திரமுள்ள ஒரே பெண் இங்கிலாந்தில் தான் மட்டும்தான் என்று 1925-இல் நாட்குறிப்பில் எழுதினார்.

இப்போது கேத்தரின் மான்ஸ்ஃபீல்டு. நியூசிலாந்திலிருந்து வந்தவர், வர்ஜீனியாவைவிட ஆறு வயது இளையவர். தம்பி 1915-இல் பெல்ஜியத்தில் கையெறி குண்டு விபத்தில் இறந்துபோனான். சேர்ந்து வளர்ந்த அந்த வெலிங்டன் வீட்டை எழுதியே தீர வேண்டும் என்ற வேகத்தில் பிறந்தது 'ப்ரெலூட்' என்ற நீண்ட கதை. அதைக் கேட்டு வாங்கி, அறுபத்தெட்டுப் பக்கத்தையும் பெரும்பாலும் தன் கையாலேயே கோர்த்தவர் வர்ஜீனியா. 1917 இலையுதிர்காலத்தில் ஆரம்பித்தது 1918 ஜூலையில்தான் முடிந்தது. சில பக்கங்களின் தலைப்பில் கதையின் பெயரே தப்பாக அச்சாகியிருக்கிறது! அதே 1917 அக்டோபரில் நாட்குறிப்பில் என்ன எழுதுகிறார் தெரியுமா? கேத்தரின் மேல் தெருவில் திரியும் புனுகுப்பூனை வாசனை அடிக்கிறதாம். அடுத்த சில மாதங்கள் அதே பெண்ணின் வாக்கியங்களை எழுத்தெழுத்தாக எடுத்துக் கோர்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியத்தை அதைவிட நெருக்கமாகப் படிக்க முடியுமா?

1919-இல் வர்ஜீனியாவின் இரண்டாவது நாவலுக்கு கேத்தரின் மதிப்புரை எழுதினார், பாராட்டுப்போல ஆரம்பித்துக் காலைவாரும் மதிப்புரை. முதல் உலகப்போர் என்ற இவ்வளவு பெரிய போர் நடக்கவே இல்லை என்பதுபோல ஒரு நாவலா என்பதுதான் அவருடைய ஆத்திரம், கணவருக்கு எழுதிய கடிதத்தில் அதை இன்னும் கடுமையாகச் சொன்னார். வர்ஜீனியாவுக்கு வலித்தது. ஆனால் அடுத்த நாவல் 'ஜேக்கப்ஸ் ரூம்' போரில் மாண்ட ஓர் இளைஞனைப் பற்றியது. அந்த மதிப்புரைக்கு இதில் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1923 ஜனவரியில் காசநோயில் கேத்தரின் இறந்தார், வயது முப்பத்துநான்கு. இனி எழுதி என்ன, கேத்தரின் படிக்கப் போவதில்லையே என்று வர்ஜீனியா எழுதினார். தான் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து அவருடையது என்றும் ஒப்புக்கொண்டார்.

கவிஞர் எலியட்டுக்கு வருவோம். 1917 முதல் லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா. பகலெல்லாம் வெளிநாட்டுக் கணக்குகள், வீட்டில் நோயாளி மனைவி விவியன், எழுதுவது ராத்திரியில். அலுவலகம் முடிந்து வந்து எழுத உட்காருகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1921-இல் உடம்பும் மனமும் ஒடிந்து விடுப்பு எடுத்தார், முதலில் மார்கேட் கடற்கரை, பிறகு சுவிட்சர்லாந்தில் லொசான். அங்கே எழுதிமுடித்த 'வேஸ்ட் லேண்ட்' என்ற நீண்ட கவிதையின் தாள்கட்டை நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். பவுண்டு பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினார். நாம் இன்று படிக்கும் கவிதை அந்த வெட்டுக்குத் தப்பித்தது. அதே பவுண்டுதான் முப்பது பேர் வருடத்துக்குப் பத்துப் பவுண்டு கொடுத்தால் இவர் வங்கியை விட்டுவிடலாம் என்று ஊரெல்லாம் கேட்டார், வர்ஜீனியாவும் நிதி சேர்த்தார். எலியட்டுக்கு அதில் சங்கடம், 1925 வரை வங்கியிலேயே இருந்தார். 1923-இல் ஹோகார்த் வெளியிட்ட 'வேஸ்ட் லேண்ட்' பதிப்புக்கும் எழுத்துக் கோர்த்தது அதே வர்ஜீனியாதான். முடித்த கையோடு எழுதிய கடிதத்தில், என் கை நடுங்குவதைப் பாருங்கள் என்கிறார்.

நேரம் ஓடுகிறது, நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நாவலாசிரியர் டி. ஹெச். லாரன்ஸுக்குத் தனியாகவே ஓர் உரை வேண்டும். 1914-இல் அவருக்கும் ஃப்ரீடாவுக்கும் பதிவுத் திருமணம், உடன் நின்றவர்களில் கேத்தரினும் உண்டு. ஃப்ரீடா கழற்றிக் கொடுத்த பழைய மோதிரத்தை கேத்தரின் கடைசிவரை போட்டிருந்தார். மறு ஆண்டே லாரன்ஸின் 'ரெயின்போ' நாவலை நீதிமன்றம் ஆபாசம் என்று சொல்ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அழிக்கப்பட்டன. 1917-இல் உளவாளிகள் என்ற சந்தேகத்தில், ஃப்ரீடா ஜெர்மானியர் அல்லவா, கார்ன்வாலிலிருந்து இருவரையும் வெளியேற்றினார்கள்.

அயர்லாந்து நாவலாசிரியர் ஜாய்சை இரண்டே வரியில் சொல்வது அநியாயம்தான். 1918-இல் ஹாரியட் வீவர் என்ற பெண்மணி பழுப்புக் காகிதப் பொட்டலத்தில் அவருடைய 'யூலிசிஸ்' நாவலின் தொடக்க அத்தியாயங்களை அதே ஹோகார்த் வீட்டுக்கு எடுத்து வந்தார். அந்தச் சின்ன இயந்திரத்தில் அவ்வளவு பெரிய நூலுக்கு வழியில்லை, வெளியே அச்சகங்களுக்கு வழக்குப் பயம். கடைசியில் 1922-இல் பாரிசில் புத்தகக்கடை வைத்திருந்த சில்வியா பீச் வெளியிட்டார். ஜாய்சுக்கு வருடக்கணக்கில் பணம் அனுப்பியவரும் அந்த வீவர்தான், 1941-இல் இறுதிச்சடங்குச் செலவு உட்பட. அவரைப் பற்றிப் பேசத்தான் கடைசிப் பத்து நிமிடத்தை வைத்திருந்தேன், இப்போது இல்லை. கேத்தரினைப் படிக்காதவர்கள் 'ப்ரெலூட்' கதையிலிருந்து தொடங்குங்கள். வணக்கம்.