தந்தியில் இருந்த இரண்டு சொற்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குடும்ப நினைவுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, என் தந்தையைப் பற்றிப் பேசுவதா, அவர் எங்களிடம் ஒருநாளும் சொல்லாத ஒரு துக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று சில நாள் தயங்கினேன். இரண்டும் வேறு வேறல்ல என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி அடித்தால் அப்பாவைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. தூக்கத்திலிருந்து எழுந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். எடுத்துவிட்டு ஒரு நொடி ஒன்றும் பேசாமல் நிற்பார். யாரோ எண்ணைத் தவறாகச் சுழற்றியிருப்பார்கள். அதன் பிறகு வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், விடியும் முன் செம்பவாங் கடற்கரைக்குத் தனியாகப் போய்க் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருவார். அன்று பகல் முழுவதும் சாப்பிட மாட்டார். முதலாவதை அவருடைய கோபம் என்றும் இரண்டாவதை அவருடைய பக்தி என்றும் பிள்ளைகள் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

2020ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார். கிருமிப் பரவலை முறியடிக்க நாடே கதவடைத்திருந்த காலம் அது. இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, இரவெல்லாம் ஆட்கள் வந்துபோகும் சாவு வீட்டையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, மண்டாய் தகனச் சாலையில் உள்ளே போக வேண்டிய பத்துப் பேரை விரல்விட்டு எண்ண வேண்டி வந்தது. பேரப்பிள்ளைகளில் இருவர் வெளியே வெயிலில் நின்றார்கள். அவர்களை நிறுத்தியது நான்தான். அந்த இரண்டு முகங்களையும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அத்தை நாகப்பட்டினத்தில் இருந்தார். விமானங்கள் மார்ச் கடைசியிலேயே நின்றுவிட்டன. வாய்க்கரிசி போடும் நேரத்தில் என் தம்பி கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். படம் விட்டு விட்டு வந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “அண்ணே, அம்மா செத்தப்ப நீ வர முடியல. இப்ப நான் வர முடியல.” அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பாட்டி இறந்தபோது அப்பா ஊருக்குப் போகவில்லை என்ற செய்தியே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அஸ்தியைச் சாங்கிக் கடலில் கரைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தோம். ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள் ஆண்டுவாரியாக ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. அடியில், மடிப்புகளில் பசைத்தாள் ஒட்டிய ஒரு தந்தி. ‘மதர் எக்ஸ்பயர்டு. ஸ்டார்ட் இமீடியட்லி.’ 1968, புரட்டாசி.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை, நம் பெரியவர்கள் சொல்லும் ‘நேவல் பேஸை’, நம்பித் தமிழரும் மலையாளிகளுமாக எத்தனையோ குடும்பங்கள் பிழைத்துக்கொண்டிருந்தன. 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பல் பட்டறையும் கைமாறவிருந்தது. யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று ஒருவருக்கும் தெரியாத அந்த மாதங்களில் நீண்ட விடுப்பு கேட்க எவருக்குத் துணிவு வரும்? கேட்டாலும், அன்று இங்கிருந்து ஊருக்குப் பயணிகளை ஏற்றிப் போன ரஜுலா கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு வாரமாவது ஆகும். ‘உடனே புறப்படு’ என்ற தந்தி அப்பாவின் கைக்கு வந்தபோது பாட்டி சாம்பலாகியிருப்பார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் இங்கே பட்டறையில் நின்றிருந்தார்.

தொலைபேசிக்கு அவர் ஓடிய ஓட்டமும், புரட்டாசிக் குளியலும் எனக்கு அன்றுதான் விளங்கின. நம் நகரம் இறந்தவர்களுக்கு நெடுங்காலம் இடம் கொடுப்பதில்லை. 1998 முதல் புதைகுழிக்கே பதினைந்து ஆண்டுதான் தவணை. பிடாடாரி இடுகாடு இருந்த இடத்தில் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. எரித்துக் கடலில் கரைக்கும் நமக்கோ அந்தப் பதினைந்து ஆண்டும் இல்லை. ஆகவே துக்கம் வீட்டுக்குள்ளேயே தங்குகிறது. ஒரு பழக்கமாக, ஒரு முன்கோபமாக, காரணம் சொல்லப்படாத ஒரு பட்டினியாகத் தங்குகிறது. அதைப் பிள்ளைகள் அப்பாவின் குணம் என்று எண்ணி வளர்கிறார்கள். நான் அப்படித்தான் வளர்ந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது அதற்காக அவரிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

பயணத் தடைகள் தளர்ந்த பிறகு, 2022இல், தந்தியை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போனேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அதை அனுப்பியதே அவர்தானாம். பதினேழு வயதுப் பெண் அஞ்சலகத்துக்குத் தனியாகப் போய், எழுத்தரிடம் செய்தியைச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். வெளிநாட்டுத் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம்; கையில் இருந்தது குறைவு; முதல் இரண்டு சொற்களே போதும் என்று எழுத்தரும் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்து மற்ற இரண்டு சொற்களையும் சேர்க்கச் சொன்னாராம்.

“அவரால வர முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே அத்தை?” என்று கேட்டேன்.

“தெரியும்மா,” என்றார். “ஆனா வான்னு கூப்பிடாம எப்படித் தந்தி அடிக்கிறது?”

தந்தியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.