முதல் பைக்கா? ஊர்ந்து போகும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த வீடியோ முதல் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு. அதிலும் தினமும் நகரத்துக்குள்ளேயே வேலைக்கோ கல்லூரிக்கோ போய் வருகிறவர்களுக்கு. இந்த மாடலை வாங்குங்கள், அந்த மாடலை விடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வண்டியைப் பார்த்து, தொட்டு, ஓட்டி, இது நமக்குச் சரிப்படுமா என்று நீங்களே கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் எந்த ஷோரூமுக்குப் போனாலும் குழப்பம் வராது.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" அடுத்தது "டாப் ஸ்பீடு எவ்வளவு?" நகரத்தில் உங்கள் பொழுது எங்கே கழியும் என்று யோசித்துப் பாருங்கள். சிக்னல், நெரிசல், முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி நிறுத்தம். நாற்பது, ஐம்பதைத் தாண்டும் நேரம் கொஞ்சம்தான். அதனால் முதல் பைக்கை அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெதுவாகப் போகும்போது உங்களை எவ்வளவு குறைவாகப் படுத்துகிறது என்று பாருங்கள். நான் பார்க்கச் சொல்வது எல்லாம் இதை ஒட்டித்தான்.

என்ஜினில் ஆரம்பிப்போம். விவரத் தாளில் பவர் என்று ஒரு எண் இருக்கும், பக்கத்தில் ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று இன்னொரு எண் இருக்கும். பலர் அந்த இரண்டாவது எண்ணைப் படிப்பதே இல்லை. பவர் உச்சம் 9,000 ஆர்பிஎம்மில் வருகிறது என்றால், அந்தப் பவர் முழுவதும் கிடைக்க என்ஜினை அவ்வளவு தூரம் அலறவிட வேண்டும். நெரிசலில் நீங்கள் 3,000, 4,000 பக்கம்தான் இருப்பீர்கள். அதனால் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை, எந்த ஆர்பிஎம்மில் உச்சத்துக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரே சிசியில் இரண்டு வண்டிகள், ஒன்றுக்கு 5,500-இல் டார்க் உச்சம், இன்னொன்றுக்கு 8,500-இல் என்றால், நகரத்துக்கு பெரும்பாலும் முதல் வண்டிதான் சுகம். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் கியரைக் குறைக்காமலே இழுத்துக்கொண்டு போகும். அதிக டார்க் என்பதைவிடச் சீக்கிரம் வரும் டார்க்தான் முக்கியம்.

அடுத்தது எடையும் உயரமும். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நிற்கும்போதும் திருப்பும்போதும்தான். சீட் உயரம் 790 மிமீ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்தில் கால் எட்டாமல் போகும். உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாகத் தரையில் ஊன்ற வேண்டும். அப்புறம் உட்கார்ந்தபடியே காலால் தள்ளி வண்டியைப் பின்னால் கொண்டு போங்கள். பார்க்கிங்கில் தினமும் செய்யப் போகும் வேலை இது. ஷோரூமின் வழவழ தரையிலேயே மூச்சு வாங்கினால், சரிவான இடத்தில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 110, 125 சிசி வண்டிகள் ஏறக்குறைய 110-இலிருந்து 125 கிலோ இருக்கும். 150, 160 சிசிக்குப் போனால் 140-ஐ ஒட்டி வந்துவிடும். இன்னும் பெரியது என்றால் 170, 180. ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியாது. நிற்கும்போது முழுக்கத் தெரியும்.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முன்னால் கவர் மூடிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பல குறைவாகத்தான் திரும்பும். ஒரே வீச்சில் எடுக்க வேண்டிய யூ டர்னுக்கு, இரண்டு தடவை பின்னால் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும். உட்காரும் வாகிலும் ஒரு விஷயம் உண்டு. குனிந்து ஓட்டும் வண்டியில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். நெரிசலில் அந்தக் காற்று இல்லை, மேல் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கையில் வலி வருவது அதனால்தான். முதுகு நேராக, முழங்கை லேசாக மடங்கி இருக்கிற வண்டி நகரத்தில் உங்களைக் காப்பாற்றும்.

சூட்டைப் பற்றி விற்கிறவர்கள் வாய் திறப்பது அபூர்வம். பெட்ரோல் என்ஜின் எரிபொருளின் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் ஓட்டமாக மாற்றும். மீதி வெப்பமாகப் போகிறது. காற்றால் குளிரும் ஏர் கூல்டு என்ஜினுக்குக் காற்று வேண்டும், நெரிசலில் காற்று ஏது? திரவத்தால் குளிரும் லிக்விட் கூல்டில் ஃபேன் ஓடும், ஆனால் அந்தச் சூடான காற்று பல வண்டிகளில் நேராகக் காலில் அடிக்கும். தெருமுனை வரை போய் வரும் டெஸ்ட் ரைடில் இது தெரியவே தெரியாது. பதினைந்து நிமிஷமாவது, முடிந்தால் நெரிசல் நேரத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேட்டு ஓட்டிப் பாருங்கள். கிளட்சும் அப்படித்தான். ஒரு தடவை பிடித்தால் எல்லாக் கிளட்சும் லேசுதான். நிறுத்தி வைத்த வண்டியில் விடாமல் முப்பது தடவை பிடித்து விட்டுப் பாருங்கள், விரல் சொல்லிவிடும். அசிஸ்ட் கிளட்ச் உள்ள வண்டிகளில் இந்தப் பாரம் நன்றாகவே குறையும்.

கிளட்சே வேண்டாம் என்று நினைத்தாலும் தப்பில்லை. ஹோண்டா 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப்பைப் பாருங்கள். 50 சிசி, கிளட்ச் லீவர் கிடையாது, ஏறி இறங்கச் சுலபம், காலுக்கு மறைப்பு. அந்த வரிசை 2017-இல் 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் மிக அதிகமாகத் தயாரான மோட்டார் வாகனமே அதுதான். அன்றாட ஓட்டத்தை மனதில் வைத்துச் செய்த சின்ன வண்டிக்குக் கிடைத்த இடம் அது. "சின்ன வண்டியா வாங்கினாய்?" என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம்.

எலெக்ட்ரிக்கும் இந்தக் கணக்கில் நன்றாகவே நிற்கிறது. மோட்டார் முதல் சுற்றிலிருந்தே முழு டார்க் தரும், பெரும்பாலானவற்றில் கிளட்ச் இல்லை, காலில் சூடும் இல்லை. ஆனால் இரவில் சார்ஜ் போட உங்களுக்கு நிச்சயமான இடம் இருக்க வேண்டும், அல்லது பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போக முடிய வேண்டும். இரண்டும் இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

சரி, பிரேக். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மணிக்கு 60 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். மூளை சொல்லி விரல் பிரேக்குக்குப் போவதற்குள் ஏறக்குறைய அவ்வளவு தூரம் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். திடீரென்று பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுவதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஈரச் சாலையில் பயந்துபோய் அதையே இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அடுத்த நொடி கீழே. அந்தப் பூட்டுதலைத் தடுப்பதுதான் ஏபிஎஸ். பிஎம்டபிள்யூ 1988-இல் கே100 வரிசையில் கொண்டுவந்தபோது விலை உயர்ந்த வண்டிக்கான வசதி. இன்றைக்குச் சின்ன வண்டிகளிலும் கிடைக்கிறது. கலர், டிஸ்பிளே, ப்ளூடூத் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தக் காசை ஏபிஎஸ்ஸில் போடுங்கள். முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக ஓட்டுகிறவருக்கு அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

உட்கார்ந்திருக்கும்போதே கண்ணாடியையும் பாருங்கள். பின்னால் வரும் வண்டி தெரிகிறதா, உங்கள் முழங்கை தெரிகிறதா? லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை ஒன்று உண்டு. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், வழிவிடாமல் குறுக்கே வந்தது அந்த இன்னொரு வாகனம்தான். பைக் கண்ணில் படவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் ஹெட்லைட் பளிச்சென்று இருக்கட்டும், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கண்ணில் படும் நிறமாக இருக்கட்டும். ஹெல்மெட் இறக்கும் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலையில் காயம் படும் அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்ஜெட் போடும்போதே முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டி தேடுங்கள்.

மைலேஜைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரே ரக வண்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது.

பழைய வண்டி என்றால், நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியாக இருக்கலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, விட்டுவிடுங்கள். செயின் மாட்டியிருக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயின் செட் மாற்ற வேண்டும், விலையில் அதைக் கழியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது தட்டி நின்றால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். டயரின் மேல் இருக்கும் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பழைய ரப்பர் பிடிக்காது.

புது வண்டி எடுப்பவர்களுக்கும் டயர் விஷயம் ஒன்று. புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல், பிரேக்கை மென்மையாகப் பிடித்து ஓட்டுங்கள். செயினுக்கு எண்ணெய் போடுவதும் இறுக்கம் பார்ப்பதும் அடுத்த வீடியோவில் வண்டியை நிறுத்தியே காட்டுகிறேன். நன்றி, பத்திரமாக ஓட்டுங்கள்.